கிங், கோனிக், குனிங்கஸ்: ஒரு சொல்லின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி?

எழுத்தில் எங்குமே கிடைக்காத மூலச்சொற்களை மொழியியலாளர்கள் ஊகித்து மீட்டெடுப்பார்கள். அப்படிப்பட்ட சொல்லின் முன்னால் உடுக்குறி (*) போடுவது வழக்கம். ஆங்கில 'கிங்' சொல்லை வைத்து அந்த வேலையைப் பழகிப் பார்ப்போம்.

படி 1: பங்காளிகளைத் திரட்டுங்கள். டச்சு 'கோனிங்', ஜெர்மன் 'கோனிக்', ஐஸ்லாந்திய 'கோனுங்கூர்'. எல்லாமே ஜெர்மானிய மொழிக் குடும்பம்; பொருளும் எல்லாவற்றிலும் அரசன்தான்.

படி 2: ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற மிகப் பழைய வடிவத்தைத் தேடுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'கோனிக்' என்றதும் நம்ம 'கோன்' ஞாபகம் வரும்; உடனே உறவு கொண்டாடத் தோன்றும். பழைய உயர் ஜெர்மனில் அது 'குனிங்'. அந்த ஓகாரமே பின்னால் வந்தது. உறவும் அத்தோடு சரி!

படி 3: ஈற்றைக் கவனியுங்கள். ஐஸ்லாந்தியத்தின் தாய்மொழியான பழைய நார்ஸில் 'கோனுங்க்ர்'. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் அந்த ஈறு உதிர்ந்துவிட்டது. மூல ஈறு எது? சாட்சி பக்கத்து வீட்டில் இருக்கிறது. ஃபின்னிஷ் இந்தக் குடும்பமே இல்லை. ஆனால் பழங்காலத்தில் கடன் வாங்கிய சொல்லை இன்றும் 'குனிங்கஸ்' என்றே வைத்திருக்கிறது. மீட்டெடுத்த வடிவமும் *குனிங்கஸ்தான். அதன் கடைசி 'ஸ்' மட்டும் ஆங்கில z போல அதிர்ந்து ஒலிக்கும். நார்ஸில் அதுவே 'ர்' ஆனது.

படி 4: சொல்லைப் பிரியுங்கள். *குன்ய என்றால் குலம். -இங்கஸ் என்பது 'அதைச் சேர்ந்தவன்' என்று காட்டும் விகுதி. உயர்குலத்தில் வந்தவன் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். உறவினரைக் குறிக்கும் ஆங்கில 'கின்' இந்தக் *குன்யவின் வாரிசு.

படி 5: இன்னும் மேலே ஏறுங்கள். லத்தீன் 'கெனுஸ்', சமஸ்கிருத 'ஜன' இரண்டும் இதே வேர். லத்தீனில் முதலொலி 'கங்கை'யின் க. ஜெர்மானியத்தில் 'கண்'ணின் க. யாக்கோப் கிரிம் 1822இல் விதியாக வகுத்த ஒலிமாற்றங்களில் இதுவும் ஒன்று. (தேவதைக் கதைகள் தொகுத்த அதே கிரிம்.) நாம் சொல்லும் 'சனம்' சமஸ்கிருதம் வழியாக இந்த வேரிலிருந்து வந்ததுதான்.

படி 6: கடன் போன இடங்களில் பொருள் மாறியதா என்று பாருங்கள். ரஷ்ய 'க்னியாஸ்' இளவரசன். லித்துவேனிய 'குனிகஸ்' பாதிரியார்!

பயிற்சிக்கு: ஆங்கில 'ரிங்', ஐஸ்லாந்திய 'ஹ்ரிங்கூர்', ஃபின்னிஷ் 'ரெங்கஸ்'. மூலச்சொல் என்ன?

விடை: *ஹ்ரிங்கஸ். ஃபின்னிஷின் எகரம் அதற்கும் முந்தைய உச்சரிப்பு.