மரக் கிளாரினெட்டுக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று நான்கு வருடம் பிளாஸ்டிக் கிளாரினெட்டில் வாசித்த பிள்ளை ஒருநாள், "இதுக்கு மேல இதுல வரமாட்டேங்குது" என்று வந்து நிற்கும். பெரும்பாலும் அது சாக்கு இல்லை. மெதுவாக ஊதினால் ஒலி பாதியில் அறுந்துவிடும். கீழ் ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் இரண்டு வேறு கருவிகள் போலக் கேட்கும். உதட்டை எப்படி வைத்தாலும் சில ஸ்வரங்கள் சுருதி விலகியே நிற்கும். மரக் கிளாரினெட்டுக்கு மாற வேண்டிய நேரம் அது. இந்த மாற்றத்துக்கு ஒரு குடும்பம் போடும் பணம் சின்னது இல்லை. அந்தப் பணம் வீணாவதைப் பல வருடமாகப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மரம் என்ற ஒரு சொல்லை நம்பி வாங்குவது

கிளாரினெட் செய்யப் பயன்படும் மரம் பெரும்பாலும் கிரெனடில்லா. கறுப்பாக இருப்பதால் பலர் இதைக் கருங்காலி என்று நினைக்கிறார்கள். தாவர இனப்படி பார்த்தால் ஈட்டி மரத்துக்குத்தான் இது நெருங்கிய சொந்தம். தான்சானியா, மொசாம்பிக் பக்கம் வளர்கிறது. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனம். இழை நெருக்கமாக இருப்பதால் கடைசலில் மிக நுணுக்கமாகத் துளை எடுக்கலாம், எடுத்த வடிவம் அப்படியே நிற்கும். தயாரிப்பாளர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இது பெரிய காரணம்.

ஆனால் நாதமே மரத்திலிருந்துதான் வருகிறது என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். கிளாரினெட்டில் ஒலிப்பது குழாய்க்குள் இருக்கும் காற்று. குழாயின் சுவர் எந்தப் பொருளில் செய்யப்பட்டது என்பது, நீட்டி ஊதும் ஸ்வரத்தின் நாதத்தைச் சொல்லும்படி மாற்றுவதில்லை என்று ஜான் பேக்கஸ் என்ற இயற்பியலாளர் 1964-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். உட்துளையின் வடிவம், ஸ்வரத் துளைகளின் உள்விளிம்பைச் சீவியிருக்கும் விதம், துளைகளை மூடும் மெத்தையான பேட் எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறது, இவைதான் காற்றுக்கு முக்கியம். நல்ல மரக் கருவி நன்றாக ஒலிப்பதற்குக் காரணம், தயாரிப்பாளர் தன் சிறந்த வேலையை அதில் செலுத்தியிருப்பது. மரமும் மலிவு, வேலையும் மலிவு என்றிருக்கும் கருவியைவிட, நன்றாகச் செட் செய்த பிளாஸ்டிக் கருவி எவ்வளவோ மேல்.

மரம் போலவே தெரியும்படி மேலே கோடு போட்ட பிளாஸ்டிக்கும் சந்தையில் உண்டு. மூட்டுகளைக் கழற்றி, வெட்டுமுகத்தையும் உட்துளையையும் வெளிச்சத்தில் பாருங்கள். கிரெனடில்லாவாக இருந்தால் அடர்பழுப்பில் இழை ஓடுவது தெரியும்.

சுருதியைப் பார்க்காமல் வாங்குவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. கடையில் பிள்ளை கருவியை எடுக்கும், தெரிந்த பாட்டு ஒன்றை வாசிக்கும், புதுக் கருவியின் பளபளப்பில் எல்லோரும் சிரிப்பார்கள், பில் போட்டுவிடுவார்கள். தெரிந்த பாட்டை வாசிக்கும்போது உதடு தானாகவே சுருதியைச் சரிசெய்துவிடும். கருவியின் குறை வெளியே தெரியாது.

கிளாரினெட்டுக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. புல்லாங்குழலிலும் சாக்ஸஃபோனிலும் அதே விரலமைப்பில் மேலே தாவினால் ஒரு ஸ்தாயி மேலே போகும், அதாவது 12 அரைஸ்வரங்கள். கிளாரினெட்டோ ஒருபக்கம் மூடிய நேர்க்குழாய் போல நடந்துகொள்வதால், மேலே தாவ வைக்கும் விசையான ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் 19 அரைஸ்வரம் தாவும். கீழ் 'ஈ' விரலிலேயே மேல் 'பி' வரும், கீழ் 'எஃப்' விரலில் 'சி' வரும், கீழ் 'ஜி' விரலில் 'டி' வரும். துளையை ஒரே சீராகக் குடைந்துவிட்டால் இந்த ஜோடிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று சுருதி சேராது. எங்கே எத்தனை நூலிழை அகலம் கூட்டுவது, எங்கே குறைப்பது என்பதில்தான் தயாரிப்பாளரின் கைத்திறன் இருக்கிறது. பஃபே க்ராம்ப்போன் என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்காக ராபர்ட் காரே 1955-இல் வடிவமைத்த ஆர்13 கிளாரினெட் இன்றுவரை பேசப்படுவதற்குக் காரணமும் இதுதான். அவர் உட்துளையை ஒரே விட்டத்தில் விடாமல், சிறிதே வேறுபடும் பல நேர்க்குழாய்களை அடுக்கியது போல அமைத்தார்.

அதனால் சோதனையை இப்படிச் செய்யுங்கள். முதலில் பத்து நிமிடம் ஊதிக் கருவியைச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த கருவி சுருதி குறைவாகவே நிற்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அப்புறம் சுருதியை அளந்து காட்டும் ட்யூனரை பிள்ளையின் பார்வையில் படாமல் வேறொருவர் பிடித்துக்கொள்ளுங்கள். முள்ளைப் பார்த்தால் உதடு அதைத் துரத்தும். கீழ் 'ஈ'யை நிதானமாக ஊதச் சொல்லி, ரெஜிஸ்டர் கீயை மட்டும் அழுத்தி 'பி'க்குப் போகச் சொல்லுங்கள். இரண்டும் எத்தனை சென்ட் விலகுகின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்குதான் சென்ட். இப்படியே ஒவ்வொரு ஜோடியாக மேலே வாருங்கள்.

எந்தக் கிளாரினெட்டும் எல்லா ஸ்வரத்திலும் சரியாக நிற்காது. கீழ்க்கோடி ஸ்வரங்கள் சற்று இறங்கி இருப்பதும், தொண்டை ஸ்வரங்கள் என்று நாங்கள் சொல்லும் நடு 'ஜி', 'ஏ', 'பி-பிளாட்' சற்று ஏறி இருப்பதும் பல கருவிகளில் உண்டு. பத்து சென்ட்டுக்குள் என்றால் பயிற்சியில் சமாளிக்கலாம். ஒரு ஜோடி இருபது சென்ட்டுக்கு மேல் விலகுகிறது, மறுபடி ஊதினாலும் அப்படியே நிற்கிறது என்றால், அந்தக் கருவியை வைத்துவிடுங்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பிள்ளை பல வருடம் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், கடைசியில் தன் காதையே சந்தேகிக்க ஆரம்பித்துவிடும்.

நடு 'பி-பிளாட்' மட்டும் மங்கலாகக் கேட்கிறதே என்று பயப்பட வேண்டாம். ரெஜிஸ்டர் தாவலுக்கான அதே சின்னத் துளைதான் அந்த ஸ்வரத்துக்கும் வேலை செய்கிறது, அதனால் விலை உயர்ந்த கருவியிலும் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரிதான் இருக்கும். எவ்வளவு மங்கல் என்பதை இரண்டு மூன்று கருவிகளை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

மவுத்பீஸையும் கருவியையும் ஒரே நாளில் மாற்றுவது

சோதிக்கப் போகும்போது பிள்ளை தினமும் வாசிக்கும் மவுத்பீஸையும் (வாயில் வைக்கும் முனை), அதில் கட்டி ஊதும் நாணல் பட்டையான ரீடில் நன்றாகப் பழகிய இரண்டையும் எடுத்துப் போங்கள். புதுக் கருவி, புது மவுத்பீஸ், புது ரீடு மூன்றும் சேர்ந்தால் எது நல்லது எது கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. பெட்டியோடு வரும் மவுத்பீஸ் பெரும்பாலும் சுமாராகத்தான் இருக்கும். மொத்தத் தொகையில் ஒரு பகுதியை நல்ல மவுத்பீஸுக்கு என்று முன்பே ஒதுக்கிவிடுங்கள். மவுத்பீஸ் மாற்றினால் வரும் வித்தியாசத்தைப் பிள்ளை முதல் மூச்சிலேயே உணரும்.

மவுத்பீஸின் பெயரைக் கேட்டுவிட்டு வாங்குவதும் சரிவராது. வாண்டோரன் நிறுவனத்தின் பி45 மவுத்பீஸில் நுனித் திறப்பு (ரீடு நுனிக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் உள்ள இடைவெளி) சுமார் 1.2 மில்லிமீட்டர், எம்13-இல் சுமார் 1 மில்லிமீட்டர். கேட்க அற்பமான வித்தியாசம். ஆனால் பி45-இல் இரண்டரை நம்பர் ரீடு வசதியாக இருக்கும் பிள்ளைக்கு எம்13-இல் அது தளர்ந்து போகும், இன்னும் கெட்டியான ரீடு தேவைப்படும். இப்படி ஒன்று மாறினால் இன்னொன்றும் மாறும். ஆகவே முதலில் கருவி, அது பழகிய பிறகு மவுத்பீஸ்.

அவசரமாக வாங்கி அன்றே மணிக்கணக்கில் வாசிப்பது

என் மாணவி ஒருத்தி புதுக் கருவி வாங்கிய நான்காம் நாள், ஏசி போட்ட அறையில் மூன்று மணி நேர ஒத்திகையில் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் நிகழ்ச்சி. வீட்டுக்கு வந்து துடைக்கும்போது மேல் பகுதியில், ட்ரில் கீ துளையை ஒட்டி, ஒரு முடி ஒட்டியிருந்தது. விரலால் தள்ளினாள், போகவில்லை. நகத்தால் தடவினாள், நகம் மாட்டியது. அது முடி இல்லை, விரிசல்.

காரணம் எளிது. ஊதும் மூச்சு வெப்பத்தையும் ஈரத்தையும் உட்பக்கம் ஏற்றுகிறது. உட்சுவர் உப்புகிறது. வெளிச்சுவர் குளிர்ந்து வறண்டு அப்படியே நிற்கிறது. அந்த இழுபறியில் இழையோடு பிளந்துவிடும். மூச்சு முதலில் படுவது மேல் பகுதி என்பதால் அங்கேதான் அதிகம். புது மரத்துக்கு முதல் இரண்டு வாரம் தினமும் 15, 20 நிமிடம் போதும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். குளிர்ந்த அறையில் ஊதுவதற்கு முன் மேல் பகுதியைக் கையிடுக்கில் வைத்துச் சூடாக்குங்கள், வாய்க்காற்றால் சூடாக்காதீர்கள். வாசித்ததும் துணியை இழுத்து உட்துளையையும் மூட்டுக் குழிகளையும் துடைக்க வேண்டும். பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்தில் இருந்தால் மரம் நிம்மதியாக இருக்கும். தேர்வோ நிகழ்ச்சியோ இருந்தால் இரண்டு மாதம் முன்பே வாங்கிவிடுங்கள். உத்தரவாதம் விரிசலுக்கும் உண்டா, எத்தனை மாதம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அந்த மாணவியின் கருவி பிழைத்தது. பசை செலுத்தி, குறுக்கே சின்ன உலோக ஊசிகளை இறக்கி மூடினார்கள். இன்றும் அதில்தான் வாசிக்கிறாள்.

பழைய கருவியைக் கண்ணால் மட்டும் பார்ப்பது

நன்றாகப் பராமரித்த பழைய உயர்தரக் கருவி, புதிய இடைநிலைக் கருவியைவிட நல்ல தேர்வாக அமையலாம். நானே அப்படித்தான் சிபாரிசு செய்வேன், ரிப்பேர் செய்பவர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்த பிறகு. நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று: மேல் பகுதியை மட்டும் கழற்றி, கட்டைவிரல் துளையையும் மூன்று விரல் துளைகளையும் மூடி, அடிவாயை உள்ளங்கையில் பொத்தி, மேலிருந்து காற்றை உறிஞ்சுங்கள். நாக்கால் குழாயின் மேல்முனையை மூடிச் சில வினாடி கழித்து எடுத்தால் 'டப்' என்று விடுபட வேண்டும். சத்தமே இல்லாமல் விட்டால் எங்கோ கசிவு இருக்கிறது.

நூறாண்டுப் பழைய கருவிகளில் இன்னொரு பொறி உண்டு. 'எச்.பி.' என்ற முத்திரை இருந்தால் அது அந்தக் கால உயர்ந்த சுருதிக்குச் செய்தது, இன்றைய 440 ஹெர்ட்ஸ் சுருதிக்குக் கொண்டுவர முடியாது. அரைஸ்வரம் கீழே ஒலிக்கும் ஏ கிளாரினெட்டை, வழக்கமான பி-பிளாட் கிளாரினெட் என்று நினைத்து வாங்கியவர்களும் இருக்கிறார்கள். விரலமைப்பு இன்று பரவலாக உள்ள போம் முறைதானா என்றும் பாருங்கள். பழைய ஆல்பர்ட் முறையென்றால் பிள்ளை விரல்களை மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டும்.

பிள்ளையின் கையை மறப்பது

மரக் கருவி கொஞ்சம் கனம், எல்லாக் கனமும் வலது கட்டைவிரலில். கட்டைவிரல் தாங்கியை ஏற்றி இறக்க முடிகிறதா பாருங்கள். இடது சுண்டுவிரல் எட்டுகிறதா என்பதும் கருவிக்குக் கருவி மாறும். வெள்ளி முலாம் விரலுக்குப் பிடிமானம் தரும், ஆனால் கறுக்கும். நிக்கல் கறுக்காது, வியர்க்கும் விரலில் வழுக்கும், சிலருக்கு ஒவ்வாமையும் உண்டு.

ஒரே மாடலில் ஒன்றுக்கு மூன்றாகக் கடையில் எடுத்து ஒப்பிட முடிந்தால் ஒப்பிடுங்கள். யமஹா 450 ஆனாலும் பஃபே இ13 ஆனாலும், ஒன்று போல இன்னொன்று இருக்காது. பிள்ளை வாசிக்க, நீங்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு கேளுங்கள். பிறகு பிள்ளையிடம், எதில் ஊத சுலபமாக இருந்தது என்று மட்டும் கேளுங்கள்.

வெளிநாட்டுக்குக் கருவியை எடுத்துப் போனால் மரத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமே என்று இன்னும் பலர் கவலைப்படுகிறார்கள். அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் 2017-இல் கிரெனடில்லா சேர்ந்தது உண்மை. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியிலிருந்து விலக்கு கிடைத்துவிட்டது.

அப்புறம், பழைய பிளாஸ்டிக் கிளாரினெட்டை விற்றுவிடாதீர்கள். வெயிலிலும் மழைத்தூறலிலும் திறந்தவெளியில் வாசிக்கக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு மரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.