பள்ளி முழுக்க எழுத்துப் பயிற்சி: எங்கே தொடங்குவது, எங்கே சிக்கும்

ஒன்று முதல் எட்டு வரை உள்ள தமிழ்வழி நடுநிலைப்பள்ளிக்கான வழிமுறை இது. 'மரம் வளர்ப்போம்' என்று தலைப்பு கொடுத்தால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என மடமடவென எழுதும் எட்டாம் வகுப்புப் பிள்ளை, ஊர்த் திருவிழாவில் பார்த்ததை எழுதச் சொன்னால் மூன்று வரியில் நின்றுவிடும். தமிழாசிரியர் ஒருவர் மட்டும் சரிசெய்யக்கூடிய விஷயமல்ல இது.

1. எல்லாரும் ஒரே நாளில் எழுதட்டும்

மூன்றாம் வகுப்பு முதல் ஒரே தலைப்பு, 20 நிமிடம், கோடு போட்ட ஒரு தாள். ஒன்று, இரண்டாம் வகுப்புக்குப் படம் வரைந்து கீழே முடிந்ததை எழுதினால் போதும். கைடில் இல்லாத தலைப்பாகப் பாருங்கள்: 'பள்ளி விட்டதும் வீடு சேரும்வரை'. தாள்களில் தேதி போட்டுக் கட்டி வையுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன் இதே தலைப்பை மறுபடி கொடுக்க வேண்டும்.

2. சேர்ந்து படியுங்கள்

வகுப்புக்கு ஆறு தாள்: நன்றாக எழுதியவை இரண்டு, நடுத்தரம் இரண்டு, தடுமாறியவை இரண்டு. கணக்கு, அறிவியல் ஆசிரியர்களும் உட்கார வேண்டும். மதிப்பெண் போடாதீர்கள், போட்டால் பேச்சு 'உங்க வகுப்பு, எங்க வகுப்பு' என்று திரும்பிவிடும். சொல்ல விஷயம் இருக்கிறதா, வரிசை புரிகிறதா, வாக்கியம் முடிகிறதா என்று பாருங்கள். எழுத்துப்பிழை அதற்கப்புறம்.

3. வகுப்புக்கு ஒரே ஓர் இலக்கு

மூன்றில் வாக்கியத்தை முடித்துப் புள்ளி வைப்பது. நான்கில் நடந்த வரிசையில் ஐந்தாறு வாக்கியம். ஐந்தில் பத்தி பிரிப்பது. ஆறில் பார்த்ததையும் கேட்டதையும் விவரமாகச் சொல்வது. ஏழில் கருத்துக்குக் காரணம். எட்டில் தானே படித்துத் திருத்தி மறுபடி எழுதுவது. உங்கள் தாள்கள் வேறு சொன்னால் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

4. திருத்தம்: சிக்கும் இடம் இதுதான்

'ஆடு ஓடிப்போச்சு அப்பா வெரட்டிக்கிட்டு போனாரு' என்று ஒரு பிள்ளை எழுதுகிறது. ஓர் ஆசிரியர் சிவப்பில் அடிப்பார், இன்னொருவர் அப்படியே விடுவார். அடிபட்ட பிள்ளை அடுத்த முறை 'ஆடு ஓடியது' என்று நிறுத்திக்கொள்ளும். பிழை இல்லை, அப்பாவையும் காணோம்.

அதனால் பள்ளி முழுக்க ஒரே முடிவு வேண்டும். முதல் வரைவில் பேச்சுத்தமிழுக்குத் தடை இல்லை. மறுவரைவில் 'ஓடிப்போனது', 'விரட்டிக்கொண்டு போனார்' என்று பிள்ளையே மாற்ற வேண்டும். கதையில் ஒருவர் பேசும் இடத்தில், மேற்கோள் குறிக்குள், பேச்சுவழக்கு அப்படியே இருக்கலாம்.

குறியீடுகளும் பொதுவாக இருக்கட்டும்: எழுத்துக்கு 'எ', ஒற்றுக்கு 'ஒ', வாக்கியத்துக்கு 'வா', தொடர்பு விட்டுப்போனால் 'தொ'. பென்சிலால் ஓரத்தில் மட்டும், ஒரு தாளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். சரியான சொல்லை நீங்களே எழுதிக் கொடுத்தால் பிள்ளை பார்த்து எழுதும், அவ்வளவுதான்.

சந்தியில் ஐந்தாம் வகுப்புவரை மூன்றே இடம் போதும். அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பின். 'ஐ' உருபுக்குப் பின். 'கு' உருபுக்குப் பின். அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று வரும்: அந்தப் பையன், ஆட்டைப் பிடித்தார், கடைக்குப் போனோம். மற்ற விதிகளை அவிழ்த்துவிட்டால் 'வந்தப் பையன்' என்று தேவையில்லாத இடத்திலும் ஒற்றுப் போட ஆரம்பிப்பார்கள்.

5. நேரமும் நோட்டும்

ஒரு தலைப்புக்கு இரண்டு வாரம், வாரம் இரண்டு பாடவேளை. முதல் வேளையில் பேச்சு; பிறகு ஆசிரியர் கரும்பலகையில் வாய்விட்டு யோசித்தபடி நாலைந்து வரி எழுதி, அடித்து, மாற்றிக் காட்ட வேண்டும். நேரமில்லை என்று பலர் தாண்டிப்போவது இதைத்தான். இதை விட்டால் மீதி ஒன்றும் நடக்காது. அடுத்த வேளை வரைவு. மூன்றாவதில் இருவர் இருவராகச் சத்தமாகப் படிப்பது: முடியாத வாக்கியம் காதில்தான் மாட்டும். நான்காவதில் மறுவரைவு.

ஒரு கோடு நோட்டு போதும்; இடப்பக்கம் வரைவு, வலப்பக்கம் மறுவரைவு. நல்ல கையெழுத்தில் மட்டும் எழுதும் தனிக் கட்டுரை நோட்டு தேவையே இல்லை. பிள்ளை என்ன மாற்றியது என்பதே அதில் தெரியாது. கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சித்தாளை எழுத்துக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அறிவியலில் சோதனை முடிந்ததும் செய்தது, கண்டது, ஏன் என்று மூன்று வாக்கியம், சொந்தமாக. பலகை விடையைப் பார்த்தெழுதியது செல்லாது.

பின்சேர்க்கை

ஈராசிரியர் பள்ளிக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே தலைப்பு கொடுங்கள், இலக்கை மட்டும் வகுப்புக்கு வகுப்பு மாற்றுங்கள். ஒரு வகுப்பில் நாற்பது பேர் என்றால் ஒரு தலைப்புக்குப் பத்து நோட்டு மட்டும் முழுதாகப் பாருங்கள். நான்கு தலைப்பில் எல்லார் நோட்டும் வந்துவிடும். 'திருத்தாமல் விட்டிருக்கிறீர்களே' என்று ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்டால்? குறியீட்டுப் பட்டியலையும் வகுப்பின் இலக்கையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே ஒட்டி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.