ஒக்கியம் மடுவு: தண்ணீர் போகும் வழியைத் தப்பாகப் படிக்காதீர்கள்

சென்னை துரைப்பாக்கத்தில் பழைய மகாபலிபுரம் சாலைப் பாலத்தைத் தினமும் கடக்கிறவர்கள் ஏராளம். கீழே கிடப்பதுதான் ஒக்கியம் மடுவு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும் தண்ணீர் வெளியேறும் முக்கிய வழி. நீளம் கொஞ்சம்தான். ஆனால் அதைப் பற்றி நாம் வைத்திருக்கும் கணக்குகளில் பிழை அதிகம்.

பெரிய பிழை, தண்ணீர் நேரே கிழக்கே ஓடிக் கடலில் விழும் என்று நினைப்பது. கடல் பாலத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் கரையோர மணல் மேடு நிற்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையும் அந்த மேட்டையொட்டித்தான் போகிறது. அதனால் மடுவுத் தண்ணீர் பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, தெற்கே திரும்பி, ஏறக்குறைய 15 கிலோமீட்டர் போய், முட்டுக்காட்டில்தான் கடலைத் தேடுகிறது. அங்கே கடலில் கலக்கும் வாயான கோவளம் முகத்துவாரத்தை மணல் மூடினாலோ, கடல் ஏற்றத்தில் இருந்தாலோ அங்கே வேகம் குறையும். அந்தத் தாமதம் பின்னோக்கி ஏறி மேலே உள்ள தெருக்களில் தேங்கும். ஆகவே துரைப்பாக்கத்து வெள்ளத்தைப் பேசும்போது கோவளத்து மணலையும் சேர்த்தே பேச வேண்டும்.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியும் வாய்க்காலையே ஓடை என்று எடுத்துக்கொள்வது. செம்பாக்கம் ஏரி நிறைந்தால் நன்மங்கலம், அங்கிருந்து கீழ்க்கட்டளை, பிறகு நாராயணபுரம், அப்புறம் பள்ளிக்கரணை. ஒவ்வொரு ஏரியின் கலங்கலும், அதாவது உபரி நீர் வழியும் இடமும், அடுத்ததற்கு வாசல். இப்படிப் பல ஏரிச் சங்கிலிகள் சேர்ந்து ஏறக்குறைய 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழை இந்தச் சதுப்புக்கு வருகிறது. செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியில், துரைப்பாக்கம் சென்னை மாநகராட்சியில், கோவளம் செங்கல்பட்டு மாவட்டத்தில். எல்லைக்கோட்டை வைத்து நீர்பிடிப்புப் பகுதியை வரைந்தால் பாதி ஓடை காணாமல் போகும்.

செயற்கைக்கோள் எடுத்த தரை உயரத் தரவைக் கணினியில் போட்டு ஓடைக்கோடு வரைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலைப்பகுதியில் அது நன்றாக வரும். இங்கே மொத்தச் சரிவே சில மீட்டர்; இலவசமாகக் கிடைக்கும் தரவின் பிழையும் சில மீட்டர். கட்டிடக் கூரையையும் மர உச்சியையும் அது தரையென்றே எண்ணிக்கொள்ளும். கோடு அழகாக விழும், தண்ணீர் வேறு பக்கம் போகும். சாலை மேடும் அதன் அடியில் தண்ணீர் போகும் சிறுபாலமும் அதில் சரியாகத் தெரியாது.

சதுப்பு நிலத்தைக் கோடையில் போய்ப் பார்த்து, காய்ந்த தரையைப் புறம்போக்கு என்று முடிவு கட்டாதீர்கள். இது வடகிழக்குப் பருவமழையின் நிலம். நிறைவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் இதில் சேர்ந்தது 1,247 ஹெக்டேருக்குச் சற்று மேல். ஆனால் தண்ணீர் அந்த எல்லைக்குள் மட்டும் நிற்பதில்லை.

சரி, எப்படித்தான் தெரிந்துகொள்வது? நல்ல மழை விட்ட மறுநாள் காலையில் உங்கள் தெருவின் சின்னப் பாலத்தருகே நில்லுங்கள். மிதக்கும் இலை எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கம் அடுத்த பாலம் வரை நடந்து பாருங்கள். வழியில் பழைய ஆட்கள் யாராவது இருந்தால், கலங்கல் எங்கே இருந்தது என்று கேளுங்கள்.