விளைச்சல் ஒரு பக்கம், விசேஷம் ஒரு பக்கம்: எங்கள் ஈரோட்டு வீட்டுக் கணக்கு

வீட்டுச் செலவை எப்படிக் குறைப்பது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். பொருள் தீர்ந்த பிறகு கடைக்குப் போகாதீர்கள், அது விளைந்து வரும் மாதத்தில் போங்கள். சீர், அன்பளிப்புக்கும் இதே கணக்குத்தான். பத்திரிகை வைத்துவிட்டுப் போன பிறகு ஓடினால், கடைக்காரர் சொல்வதுதான் விலை.

இதற்கு ஒரு நீள நோட்டும் பஞ்சாங்கமும் போதும். சித்திரையில் உட்கார்ந்து மாதத்துக்கு எதிரெதிரான இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். அந்த மாதம் சந்தைக்குப் புதிதாக என்ன வரும் என்பது இடது பக்கம். யார் வீட்டில் என்ன விசேஷம் என்பது வலது பக்கம்.

இடது பக்கத்தில் எங்கள் ஊருக்கு முதலில் வருவது மஞ்சள். தையில் வெட்டத் தொடங்கி பங்குனி வரை புதுமஞ்சள் வந்துகொண்டே இருக்கும். துவரை அறுவடை முடிந்து புதுப் பருப்பு கடைக்கு வருவது தை, மாசியில். புளி, மிளகாய், மல்லி மூன்றும் மாசி, பங்குனியில். ஆக, ஒரு வருஷத்து மளிகையில் பெரும்பகுதியை அந்த இரண்டு மூன்று மாதத்தில் வாங்கிவிடலாம். அப்போது வெயிலும் நம் பக்கம். மொட்டை மாடியில் காயவைக்கத் தோதான காலம்.

எவ்வளவு வாங்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஊகம் வேண்டாம். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சீட்டை ஒட்டி, நிரப்பிய தேதியையும் எடையையும் எழுதுங்கள். மூன்று மாதம் போனால் உங்கள் வீட்டு அளவு தானாகத் தெரியும். நாங்கள் நான்கு பேர். மாதம் இரண்டு கிலோ துவரம் பருப்பு, முக்கால் கிலோ புளி ஆகிறது. அப்படியென்றால் வருஷத்துக்குப் புளி ஒன்பது கிலோ, விருந்தாளிக்கு ஒன்று சேர்த்துப் பத்து. மிளகாய் ஐந்து கிலோ போதும்.

வாங்குவதில் பாதி வேலைதான் முடிகிறது, வைத்திருப்பது மீதிப் பாதி. புளியில் கொட்டையும் நாரும் எடுத்து, நன்றாகக் காயவைத்து, கல் உப்பு தூவி அடுக்கடுக்காக ஜாடியில் அழுத்தி வைக்க வேண்டும். மிளகாயைக் கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். இல்லையென்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. மஞ்சளை விரலியாகவே வைத்துக்கொண்டு, தேவைக்குத் தகுந்தபடி அரைத்துக்கொள்ளுங்கள். பருப்பை ஒரு வெயில் காயவைத்து, கையில் விளக்கெண்ணெய் தொட்டு லேசாகப் பிசறி வைத்தால் வண்டு அண்டாது. எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வைத்த முறை இது, இன்றுவரை மாற்றவில்லை. அரிசி டிரம்மில் வசம்பு. ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசி வெயில் கிடைக்கும் ஒரு நாளில் மிளகாயையும் மல்லியையும் மறுபடி ஒருமுறை காட்டிவிடுங்கள். இதைத் தவறவிட்டால் பூசணம் பிடிக்கும். லாபம் எல்லாம் குப்பைக்குப் போகும்.

எண்ணெய், நிலக்கடலை, ரவை, மைதா, அரைத்த பொடிகள் இவற்றை மொத்தமாக வாங்கி அடுக்கவே வேண்டாம். எண்ணெய் சிக்கடிக்கும், ரவையில் புழு வரும். இவற்றை மாதத்துக்கு மாதம் வாங்குவதுதான் சிக்கனம். பாக்கெட்டில் வாங்கும்போது விலைக்குப் பக்கத்தில் 'யூனிட் சேல் பிரைஸ்' என்று கிராமுக்கோ மில்லிக்கோ எவ்வளவு என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவாக இருப்பதில்லை.

சரி, மாசியில் மொத்தமாகப் பணத்துக்கு எங்கே போவது? சித்திரையிலேயே வங்கியில் இரண்டு ஆர்டி, அதாவது மாதாமாதம் பணம் கட்டும் சேமிப்பு, தொடங்கிவிடுங்கள். ஒன்று அடுத்த மாசிக்கு முதிர வேண்டும், அது மளிகைக்கு. இன்னொன்றை ஐப்பசிக்கு முன் முதிரும்படி தேதி பார்த்துப் போடுங்கள். அது தீபாவளிக்கு. தபால் ஆபீஸ் ஆர்டி மாதம் 100 ரூபாயில் தொடங்கலாம், ஆனால் அது ஐந்து வருஷத்துக்கானது. தங்கை மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் சீர் என்று தொலைவில் தெரிகிற பெரிய செலவுக்கு அதுதான் பொருத்தம். தெருவில் யாரோ பிடிக்கும் தீபாவளிச் சீட்டில் மட்டும் சேராதீர்கள். எங்கள் பகுதியில் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் வாராவாரம் கட்டிய பணம், தீபாவளி நெருங்கும்போது நடத்தியவரோடு காணாமல் போனது. அவர்கள் அழுததைப் பார்த்தவள் நான். சீட்டு என்றால் 1982ஆம் ஆண்டின் சிட் பண்ட் சட்டப்படி பதிவு செய்ததா என்று கேளுங்கள். பதிவு எண்ணைக் காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி வலது பக்கம். முதலில் பழைய மொய் நோட்டை எடுங்கள். நம் வீட்டு விசேஷத்துக்கு யார் என்ன செய்தார்கள் என்பது அதில் இருக்கும். அவர்கள் வீட்டில் இந்த வருஷம் கல்யாணம், வளைகாப்பு, வீடு குடிபுகல் ஏதாவது இருக்கிறதா என்று பேச்சுவாக்கில் விசாரித்து, பெயரோடு எழுதுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதனால் ஆவணியிலும் தையிலும் முகூர்த்தங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். ஆவணிக்கு வேண்டியதை ஆடியிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும்.

ஆடித் தள்ளுபடியைப் பற்றி ஒரு வார்த்தை. தீபாவளிச் சரக்குக்கு இடம் வேண்டும் என்று கடைகள் பழைய சரக்கைத் தள்ளுவது உண்மைதான். ஆனால் ஆனியிலேயே ஒரு நடை போய், வேண்டிய புடவையின் விலையை நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். அப்போதுதான் ஆடியில் குறைத்தது எவ்வளவு என்று தெரியும். ரெடிமேட் துணியில் இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். கொஞ்சம் தாண்டுகிற சட்டையைவிட, கொஞ்சம் குறைவாக இருப்பதை எடுப்பது புத்திசாலித்தனம்.

யாருக்கு என்று பெயர் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். பெயரில்லாமல் வாங்கியது பீரோவிலேயே கிடக்கும். என் பீரோவில் ஒரு தட்டு அன்பளிப்புக்கென்றே இருக்கிறது. ஒவ்வொன்றிலும் யாருக்கு, எப்போது வாங்கியது என்ற சீட்டும் பில்லும் சொருகியிருக்கும். நமக்கு வந்ததில் வேறு ஒருவருக்குக் கொடுக்க எடுத்து வைப்பது என்றால், கொடுத்தவர் பெயரையும் எழுதுங்கள். அண்ணி கொடுத்த புடவை அண்ணி வீட்டுக்கே திரும்பிப் போகக் கூடாது அல்லவா!

என்ன கொடுக்கலாம்? எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் ஆசையோடு சொல்வது, நெய்கிற ஊருக்கே போய் வாங்குங்கள் என்பதுதான். குடிபுகும் வீட்டுக்குப் பவானி ஜமுக்காளம். கெட்டிப் பருத்தி, பளிச்சென்ற பட்டைக் கோடுகள், பல வருஷம் உழைக்கும். புதிதாகக் குடித்தனம் வைப்பவர்களுக்குச் சென்னிமலைப் போர்வை. கல்யாணப் பரிசாக வரும் சுவர்க் கடிகாரம் ஐந்தாறு சேர்ந்துவிடுகிறது, போர்வை எத்தனை வந்தாலும் வீணாகாது. குழந்தைகளுக்குப் பனியன் துணி திருப்பூர் காதர்பேட்டையில். தையலையும் கழுத்துப் பட்டியையும் இழுத்துப் பார்த்து எடுங்கள். துண்டு, வேட்டி, நைட்டி, நவராத்திரித் தாம்பூலத்துக்கு ரவிக்கைத் துணி எல்லாம் ஈரோடு கனி மார்க்கெட்டில். திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும் வாரச் சந்தை அது. வெளிமாநில வியாபாரிகள் எல்லாம் வருவார்கள். அக்கம்பக்கத்து மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து போனால் டஜன் கணக்கில் எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் போகிறோம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள், நின்று நிதானமாகப் பார்க்க முடியாது.

கைத்தறிப் புடவை என்றால் கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி வரும். அவர்களிடம் மாதச் சேமிப்புத் திட்டமும் இருக்கிறது, கடையிலேயே விவரம் சொல்வார்கள். மாமியாருக்கும் அம்மாவுக்கும் அங்கேதான் எடுக்கிறேன். வீட்டு வேலைக்கு உதவும் அக்காவுக்கும் அதே கடைதான், பட்டியலில் அவர் பெயரைக் கடைசியில் போடாதீர்கள். தைக்க வேண்டிய துணியைப் புரட்டாசி முதல் வாரத்திலேயே டெய்லரிடம் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு போனால் 'ஆர்டர் எடுப்பதில்லை' என்ற அட்டை தொங்கும், இல்லையென்றால் அவசரக் கூலி கேட்பார்.