முதல் மான் வேட்டை ரைஃபிள் வாங்கப் போகிறீர்களா? குளிர்கால உடுப்போடு கடைக்குப் போங்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நவம்பர் மாத நன்றி நவிலும் திருநாளான தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை, ரைஃபிளால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்கும். என் முதல் பருவத்தின் முதல் காலையில் அறுபது கெஜத்தில் ஒரு மான் வந்து நின்றது. ரைஃபிளைத் தோளுக்கு ஏற்றினேன். தோளில் ஊன்றும் அடிக்கட்டை கோட்டின் அக்குள் மடிப்பில் சிக்கியது. இழுத்துச் சரிசெய்து, ரைஃபிளின் மேலுள்ள ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கியில் கண் வைத்தால், நடுவே சின்னதாக ஒரு வெளிச்ச வட்டம், சுற்றிலும் கறுப்பு. கழுத்தை முன்னே நீட்டித் துழாவினேன். மானைக் கண்டுபிடிப்பதற்குள் அது வாலின் வெள்ளையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஹெம்லாக் மரங்களுக்குள் மறைந்துவிட்டது.

சுடாமல் விட்டது நல்லது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அரைகுறையாகப் பார்த்துச் சுட்டிருந்தால் வயிற்றில் குண்டோடு ஓடி, எங்கோ ஒரு புதரில் மணிக்கணக்கில் துடித்துச் செத்திருக்கும். மானைக் கொல்வது என்று முடிவு செய்தவருக்கு, அதை வலி நீளாமல் செய்ய வேண்டிய கடமையும் உண்டு. ரைஃபிள் தேர்வு அங்கேதான் தொடங்குகிறது.

இந்தியாவில், நம் ஊரில், வேட்டை சட்டப்படி இல்லை என்பதால் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் கிடையாது. அதனால் நான் கற்றதை எழுதுகிறேன். துப்பாக்கியின் உறுப்புகள், பாதுகாப்பு விதிகள் பற்றி இங்கே சொல்லவில்லை. முதல் உரிமம் எடுக்கும் முன் மாநிலம் நடத்தும் வேட்டைக் கல்வி வகுப்பில் அவற்றைச் சொல்லித் தருவார்கள். வகுப்பை முடித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

படி 1: அடிக்கட்டையின் நீளம்

எல்லோரும் காலிபரில், அதாவது தோட்டாவின் அளவில், தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். செப்டம்பர் மாதம், மெல்லிய சட்டையோடு கடைக்குப் போய், ஒரு மாதம் படித்துத் தேர்ந்தெடுத்த .308 ரைஃபிளை வாங்கி வந்தேன். என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். விசையிலிருந்து அடிக்கட்டையின் முடிவு வரையுள்ள நீளம் அதில் பதினான்கு அங்குலத்துக்குப் பக்கம். அது என்னைவிட உயரமானவருக்கு வெட்டிய கட்டை.

சிக்கலைக் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஐம்பது ஆண்டுகளாக வேட்டைக்குப் போகிறவர். மானைத் தவறவிட்ட கதையைக் கேட்டதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "வாங்கும்போது கோட் போட்டிருந்தாயா?" பிறகு தன் வீட்டுச் சமையலறையில் என்னை அதே உடுப்பில் நிற்கச் சொன்னார். ரைஃபிள் காலியாக இருக்கிறதா என்று அவர் ஒரு முறையும் நான் ஒரு முறையும் பார்த்தோம். கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் வசதியாகச் சாய்த்து, அப்புறம் கண்ணைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். காட்டில் பார்த்த அதே கறுப்பு வளையம்.

காரணம் எளிது. ரைஃபிள் ஸ்கோப்பில் முழுப் படம் தெரிய வேண்டுமானால் கண் அதற்குப் பின்னால் சுமார் மூன்றரை முதல் நான்கு அங்குலத்தில் இருக்க வேண்டும். என் கோட்டும் உள்ளே போட்ட கம்பளிச் சட்டையும் சேர்ந்து ஏறக்குறைய ஓர் அங்குலத் தடிப்பு. கட்டையின் கூடுதல் நீளமும் அதோடு சேர, கண் மிகவும் பின்னால் போய்விட்டது. ஸ்கோப்பைப் பின்னால் நகர்த்திச் சரிசெய்யலாமே என்றால், ஓரளவுக்குத்தான் முடியும். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்கள் ஓர் எல்லைக்கு மேல் இடம் கொடுக்காது. தவிர, மெல்லிய சட்டையில் சுடப் பழகும் நாளில் அதே ஸ்கோப் பின்னுதையில் வந்து புருவத்தைக் கிழித்துவிடும்.

ஆகவே கடையில் செய்ய வேண்டியது இதுதான். வேட்டைக்குப் போடும் அதே உடுப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். ரைஃபிள் காலி என்று விற்பனையாளரிடம் காட்டச் சொல்லுங்கள். எந்தத் திசையில் குறிபார்க்கலாம் என்று கேளுங்கள். கண்ணை மூடி, ஏற்றி, சாய்ந்து, திறங்கள். ஐந்து முறை செய்யுங்கள். ஐந்து முறையும் கழுத்து அசையாமல் முழு வட்டம் தெரிந்தால் அது உங்கள் ரைஃபிள். முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து, விரல் விசையை எட்டுகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை நான் நம்புவதில்லை. அதில் கழுத்தின் நீளமும் கோட்டின் தடிப்பும் கணக்கில் வருவதே இல்லை.

என் உயரத்தில் இருப்பவர்கள் 'காம்பாக்ட்' வகைகளைக் கேட்டுப் பாருங்கள். ரூகர் அமெரிக்கன் காம்பாக்ட், டிக்கா டி3எக்ஸ் காம்பாக்ட் இரண்டிலும் கட்டை 12.5 அங்குலம். சிறுவர்களுக்கானது என்று விற்பனையாளர் சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். பணம் இருந்தால் டிக்கா வாங்குங்கள், அதன் போல்ட் (ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டாவை ஏற்றும் தண்டு) வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் ஓடும். ரூகர் அந்த அளவுக்கு வழவழப்பாக இல்லை. ஆனால் குறைந்த விலையில் குறி தவறாமல் சுடும். இப்போது என்னிடம் இருப்பது அதுதான்.

படி 2: போல்ட் வகையா, வேறா?

போல்ட் வகை. பென்சில்வேனியாவில் விசையை அழுத்தியதும் அடுத்த தோட்டா தானே ஏறும் அரைத் தானியங்கி ரைஃபிளால் மானைச் சுட அனுமதி இல்லை, ஆகவே அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நண்பர் யாராவது விசைக்குக் கீழுள்ள நெம்புகோலால் தோட்டா ஏற்றும் பழைய வின்செஸ்டர் 94 லீவர் ரைஃபிளை மலிவாகத் தருவதாகச் சொல்லலாம். அழகான ஆயுதம். ஆனால் அதன் பழைய மாடல்கள் காலித் தோட்டாவை நேர் மேலே எறியும், ஸ்கோப்பை வழக்கமான இடத்தில் பொருத்த முடியாது. முதல் ரைஃபிளுக்கு அந்தத் தொல்லை எதற்கு?

படி 3: தோட்டா

எங்கள் பக்கத்து வெண்வால் மானில் வளர்ந்த ஆண் சுமார் 140 பவுண்டு. அதற்கு மேக்னம் எனும் அதிக வேகத் தோட்டா தேவையில்லை. 7 மி.மீ.-08 ரெமிங்டன், .308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர் மூன்றும் தாராளம். என் விருப்பம் 7 மி.மீ.-08. எடை குறைந்த குட்டை ரைஃபிளில்கூட அதன் உதை தாங்கும்படி இருக்கிறது. .30-06 நூற்றாண்டு கடந்த நல்ல தோட்டாதான், ஆனால் ஆறரைப் பவுண்டு ரைஃபிளில் போட்டுச் சுட்டால் பத்தாவது தோட்டாவுக்குள் உடம்பு அடியை எதிர்பார்த்து விசையை வெடுக்கென்று இழுக்கத் தொடங்கிவிடும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுபட மாதங்கள் ஆகும். ரைஃபிளுக்குப் பணம் கட்டும் முன் உள்ளூர்க் கடை அலமாரியில் எந்தத் தோட்டா நிறைய இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்குவது பட்டவுடன் விரியும் வேட்டைக் குண்டாக இருக்க வேண்டும். முழு உலோக உறையிட்டது மானுக்குக் கூடாது, சட்டப்படியும் தவறு.

படி 4: ஸ்கோப்

3-9x40, அதாவது 3 முதல் 9 மடங்கு பெருக்கமும் 40 மி.மீ. முன்கண்ணாடியும். முதல் ஸ்கோப்புக்கு இதற்கு மேல் தேட வேண்டாம். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே சுட அனுமதி உண்டு, மான்கள் நடமாடுவதும் அந்த மங்கலில்தான். முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் உங்கள் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 9-இல் வைத்தால் 4.4 மி.மீ., 3-இல் வைத்தால் 13 மி.மீ. கற்றை அகலமாக இருந்தால் படம் வெளிச்சமாக இருக்கும், கண் கொஞ்சம் விலகினாலும் படம் அறுந்துபோகாது. காட்டில் உட்காரும்போது 3-இலோ 4-இலோ வைத்திருங்கள். பிராண்டில் லியூப்போல்டின் விஎக்ஸ்-ஃப்ரீடம் எனக்குப் பிடித்தது. எடை குறைவு, அந்தி வெளிச்சத்தில் தெளிவு.

படி 5: பொருத்துவதும் குறி சரிசெய்வதும்

ஸ்கோப்போடு சேர்த்து விற்கும் ரைஃபிளாக இருந்தாலும் திருகுகளை நம்பாதீர்கள். என் முதல் ரைஃபிளில் அடித்தளத் திருகு ஒன்று கையால் சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அது தெரியாமல் இரண்டு பெட்டித் தோட்டாக்களைத் தீர்த்தேன். கழற்றி, எண்ணெயைத் துடைத்து, முறுக்கின் அளவைக் காட்டும் திருகுக் கருவியால் (டார்க் ரென்ச்) இறுக்குங்கள். வளையத் திருகுகளுக்குப் பொதுவாக 15 முதல் 18 அங்குல-பவுண்டு போதும், ஆனால் உங்கள் வளையத்தோடு வரும் தாளில் உள்ள எண்ணே இறுதியானது. இறுக்கும் முன் பெருக்கத்தை 9-இல் வைத்து, கோட்டோடு கண்மூடிச் சோதனையை மறுபடி செய்து ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பெருக்கம் கூடினால் கண்ணை வைக்க வேண்டிய இடம் குறுகும். அங்கே சரியாக இருந்தால் எங்கும் சரியாக இருக்கும்.

குறிப்பலகையை முதலில் 25 கெஜத்தில் வையுங்கள். போல்ட்டைக் கழற்றிக் குழல் வழியே பலகையைப் பார்த்து, ரைஃபிளை அசைக்காமல் ஸ்கோப்பின் சிலுவையை அதே இடத்துக்குத் திருப்புங்கள். அப்புறம் சுடுங்கள். பெரும்பாலான ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் 100 கெஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும், 25 கெஜத்தில் அதில் நாலில் ஒரு பங்குதான். 25 கெஜத்தில் மூன்று அங்குலம் தள்ளியிருந்தால் 48 கிளிக். எண்ணித் திருப்புங்கள், பயப்பட வேண்டாம். 25-இல் சரியாக விழுவது 100-இல் மூன்று அங்குலம் அளவுக்கு மேலே படலாம், அது இயல்பு. மூன்று தோட்டா சுட்டு, குழலை ஆறவிட்டு, மூன்றின் நடுப்புள்ளியைப் பார்த்துத் திருத்துங்கள். ஒற்றைத் தோட்டாவைத் துரத்தாதீர்கள். நான் உட்காரும் இடத்தில் எண்பது கெஜத்துக்கு மேல் கண் போகாது, ஆகவே 100-இல் துல்லியமாக வைத்து நிறுத்திவிட்டேன்.

பின்சேர்க்கை

படித்துவிட்டு எழுதியவர்களில் பலர் விசாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பச்சை அட்டை (நிரந்தரக் குடியுரிமைக்கான கிரீன் கார்டு) இருந்தால் வாங்கலாம். ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது அதற்கு ஒரு விதிவிலக்கு. ஆனாலும் துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் ஃபார்ம் 4473-இல் கையெழுத்திடும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். நண்பரின் ரைஃபிளைக் கையில் வாங்கிப் பார்ப்பதற்கும் இதே எச்சரிக்கை.

இன்னொரு வாசகி, கோட்டோடு சோதித்து வாங்கியும் காட்டில் கட்டை சிக்கியது என்று எழுதினார். கோட்டின் மேல் போட்ட ஆரஞ்சு மேலங்கியும் முதுகுப்பையின் தோள்வாரும் காரணம். தலையிலும் மார்பிலும் முதுகிலுமாக 250 சதுர அங்குல ஆரஞ்சு இங்கே கட்டாயம், அதைத் தவிர்க்க முடியாது. அதையும் பையையும் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள்.

வலக்கையாளர் ஒருவருக்கு ஸ்கோப்பில் எப்போதும் இரட்டைப் படம். கையை நீட்டிக் கட்டை விரலால் தொலைவிலுள்ள ஒரு விளக்கை மறைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னேன். வலக்கண்ணை மூடியபோதும் விளக்கு மறைந்தே இருந்ததாம். அப்படியானால் அவருக்கு ஆளும் கண் இடது. இடக்கைப் போல்ட் ரைஃபிள் ஒன்றை இரவல் வாங்கிச் சுட்டுப் பார்க்கப் போகிறார். முடிவை எழுதியதும் இங்கே சேர்க்கிறேன்.