ஒரு கண்ணை மூடினால்தான் ஸ்கிரீன் தெளிவாகத் தெரிகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்கு மேல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். யாராவது ஒருவர் கன்னத்தில் கை ஊன்றி, அதே கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, மற்ற கண்ணால் மட்டும் எக்செல் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால், "இப்படிப் பார்த்தாத்தாங்க எழுத்து நிக்குது" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. அந்த நிம்மதி உண்மையானதுதான். ஆனால் அதை வைத்தியமாக எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறார்களே, அதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு.

மூடினால் ஏன் சுகமாக இருக்கிறது? கிட்டத்தில் உள்ள ஒன்றைப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் மூக்குப் பக்கமாகத் திரும்பி ஒரே எழுத்தின் மேல் வந்து நிற்க வேண்டும். எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கண்மணிகளுக்கு இடையே 6 செ.மீ. உள்ள ஒருவர் 60 செ.மீ. தள்ளி மானிட்டரைப் பார்த்தால் 10 பிரிசம் டயாப்டர் (கண் திரும்புவதை அளக்கும் அலகு) அளவுக்குக் கண்கள் உள்ளே திரும்புகின்றன. அவரே செல்போனை 25 செ.மீ. தூரத்தில் பிடித்தால் அது 24 ஆகிவிடும். இந்த உழைப்பைத் தாங்கும் சக்தி சிலருக்குக் குறைவு. காலையில் எப்படியோ சமாளிப்பார்கள். நேரம் ஆக ஆக எழுத்து மங்கும், வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், புருவ மத்தியில் வலிக்கும். ஒரு கண்ணை மூடியதும் இரண்டையும் சேர்த்து நிறுத்தும் வேலையே இல்லாமல் போகிறது. அதனால்தான் சுகம். நுகத்தில் ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டால் இழுபறி நிற்கும், வண்டி ஓடாது.

ஆக, மூடினால் சரியாகிறது என்பது டாக்டரிடம் சொல்ல வேண்டிய முக்கியமான தகவல். "கண் வலிக்குது, தலை வலிக்குது" என்று மட்டும் சொன்னால் பவர் பார்த்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. "ஒரு கண்ணை மூடினா நல்லா இருக்கு" என்று சேர்த்துச் சொல்லுங்கள். பரிசோதனையின் போக்கே மாறும்.

போவதற்கு முன் வீட்டிலேயே இரண்டு விஷயங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். எழுத்து இரட்டையாகத் தெரியும்போது முதலில் வலது கண்ணை மட்டும் மூடுங்கள், அப்புறம் இடது கண்ணை மட்டும். எதை மூடினாலும் இரட்டை மறைகிறது என்றால், கண்கள் இரண்டும் ஒத்துப்போகாத பிரச்சினை. ஒரு கண்ணால் மட்டும் பார்க்கும்போதும் எழுத்துக்கு நிழல் விழுகிறது என்றால், அந்தக் கண்ணில் சிலிண்டர் பவர், வறட்சி, கண்புரை என்று வேறு ஏதாவது இருக்கலாம். அடுத்தது பேனா. பேனா முனையைக் கை நீளத்தில் பிடித்து, பார்வையை எடுக்காமல் மெதுவாக மூக்கை நோக்கிக் கொண்டுவாருங்கள். பொதுவாக 6, 7 செ.மீ. வரைக்கும் ஒற்றையாகவே தெரியும். திரும்பத் திரும்பச் செய்தும் 10 செ.மீ.க்கு முன்பே இரண்டாகப் பிரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொருவரை எதிரே உட்கார்ந்து பார்க்கச் சொல்வது நல்லது. சிலருக்கு மூளை ஒரு கண்ணின் படத்தை ஒதுக்கிவிடும். அவர்களுக்கு இரட்டை தெரியாது, ஆனால் ஒரு கண் வெளிப்பக்கம் நழுவுவதை எதிரே இருப்பவர் பார்த்துவிடலாம்.

பவர் டெஸ்ட் நார்மல் என்று சொன்னதும் நிறையப் பேர் அதோடு விட்டுவிடுகிறார்கள். சுவரில் உள்ள எழுத்தைக் கடைசி வரி வரை படிப்பது ஒவ்வொரு கண்ணின் தெளிவைத்தான் காட்டும். இரண்டும் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்க பைனாகுலர் விஷன் டெஸ்ட் என்று தனியாக இருக்கிறது. அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இது அபூர்வமான கோளாறு என்றும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டின் நகர, கிராமப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2017-ல் வெளியான ஆய்வில், வெளியே மாறுகண் தெரியாத இந்த வகைக் குறைபாடுகள் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு இருந்தன. அதில் அதிகம் தென்பட்டது, கிட்டத்தில் கண்களைக் குவிக்கும் சக்திக் குறைவுதான்.

கண்ணாடியே காரணமாக இருப்பதும் உண்டு. கண்மணிகளின் இடைவெளியைச் சரியாக அளக்காமல் ஆன்லைனில் வாங்கிய கண்ணாடி என்றால் சந்தேகப்படுங்கள். மைனஸ் 4 பவர் உள்ளவருக்கு லென்ஸ் மையங்கள் மொத்தமாக 5 மி.மீ. மூக்குப் பக்கம் தள்ளிப்போனால், 2 பிரிசம் டயாப்டர் சுமை கூடுதலாக ஏறுகிறது. ஏற்கெனவே திணறும் கண்ணுக்கு இது போதும்.

மூடும் விதத்திலும் கவனம் வேண்டும். உள்ளங்கையை அழுத்தி வைத்தால் கருவிழியில் அழுத்தம் விழும், கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் மங்கலாகவே இருக்கும். கீபோர்டு தொட்ட கை வேறு. மெட்ராஸ் ஐ பரவும் காலத்தில் சொல்லவே வேண்டாம். கையை விட்டுவிட்டு கண்ணை இடுக்கி மூடினால், இமையைச் சுற்றியுள்ள தசை களைத்து நெற்றி வலி கூடும். பைக்கிலோ காரிலோ இந்தப் பழக்கம் கூடவே கூடாது. பக்கவாட்டுப் பார்வையும் குறையும், எதிரே வருகிற வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற மதிப்பீடும் தப்பும்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். சோம்பேறிக் கண்ணுக்கு, அதாவது ஒரு கண்ணில் பார்வை சரியாக வளராத குறைக்கு, டாக்டர்கள் பேட்ச் ஒட்டுவதைப் பார்த்துவிட்டு, வீட்டில் தாங்களாகவே பிள்ளையின் ஒரு கண்ணை மறைத்துவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த வைத்தியத்தில் நன்றாகத் தெரியும் கண்ணைத்தான், அளந்து சொன்ன மணி நேரத்துக்கு மட்டும் மூடுகிறார்கள். ஏழு, எட்டு வயதுக்குள் பார்வை வளர்ந்துகொண்டிருக்கும்போது கணக்கில்லாமல் மூடினால், மூடிய கண்ணின் பார்வையே குறையலாம். பிள்ளை வெயிலுக்கு வந்ததும் ஒரு கண்ணை மட்டும் சுருக்கி மூடுகிறதா? ஒரு கண் அவ்வப்போது வெளிப்பக்கம் விலகும், விட்டுவிட்டு வரும் வெளிமாறுகண்ணுக்கு அது ஒரு அடையாளம். கூசுகிறது என்று விட்டுவிடாமல் காட்டுங்கள்.

லேப்டாப்பை மூடிவிட்டு "கண்ணுக்கு ரெஸ்ட்" என்று செல்போனை எடுப்பது ஓய்வே அல்ல. மேலே சொன்ன 10, 24 கணக்கைப் பாருங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்க்கச் சொல்வது, குவிந்த கண்கள் தளர்வதற்காகத்தான். ஜன்னல் வழியாகத் தெருமுனையைப் பாருங்கள், போதும். நீல ஒளிக் கண்ணாடிக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அது கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பு சொன்னது. மெடிக்கலில் கேட்டு வாங்கும் சிவப்பு போக்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். நாலு தடவை நன்றாக இமைத்ததும் எழுத்து தெளிகிறது என்றால் உங்கள் சிக்கல் பெரும்பாலும் வறட்சி. ஸ்கிரீனைப் பார்க்கும்போது நாம் வழக்கத்தில் பாதிகூட இமைப்பதில்லை. அதற்கு ஒரு கண்ணை மூடிப் பயனில்லை.

யூடியூப் பார்த்து பென்சில் பயிற்சி (பென்சில் முனையைப் பார்த்தபடி மூக்கை நோக்கிக் கொண்டுவந்து கண்களைக் குவிப்பது) செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பயிற்சி பலன் தரும், ஆனால் முறையாகச் செய்தால். அமெரிக்காவில் 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் 12 வாரம் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், கிளினிக்கில் நிபுணர் மேற்பார்வையில் பயிற்சி எடுத்தவர்களில் சுமார் 73 சதவீதம் பேர் தேறினார்கள். வீட்டில் பென்சிலை மட்டும் வைத்துச் செய்தவர்களில் 43 சதவீதம் பேர்தான்.

இவ்வளவும் மெதுவாக வளரும் தொந்தரவுக்கு. திடீரென்று ஒரு நாள் எல்லாம் இரண்டாகத் தெரிந்தால், மூடிக்கொண்டு வேலையைத் தொடராதீர்கள். கூடவே இமை சரிவது, ஒரு கண்மணி பெரிதாவது, கடுமையான தலைவலி, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது என ஏதாவது இருந்தால் நேராக எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்குக் கண்ணை அசைக்கும் நரம்பு பாதிக்கப்பட்டு இப்படி வரலாம். காலையில் நன்றாக இருந்து மாலையில் இமை தொங்கி இரட்டை தெரிவது மயஸ்தீனியா என்ற தசை பலவீனமாகவும் இருக்கலாம்.

டெஸ்டுக்குத் தேதி வாங்கியாயிற்று, ஆனால் இன்று ராத்திரி இந்த வேலையை அனுப்பியே ஆக வேண்டும் என்றால் என்ன செய்வது? பழைய வழக்கமான தொந்தரவுதான் என்றால், கையை வைக்காமல், கண்ணாடியின் ஒரு பக்க லென்ஸில் ஒளி ஊடுருவும் மங்கலான டேப்பை ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணும் திறந்தே இருக்கும், இமைக்கவும் முடியும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை டேப்பை மற்ற லென்ஸுக்கு மாற்றுங்கள். நாற்காலியை விட்டு எழும்போது எடுத்துவிடுங்கள், படி இறங்கும்போது கால் இடறும்.