முதல் ரைடிங் கியர்: ஹெல்மெட்டில் தொடங்குங்கள்

பைக்குக்குப் பணம் சேர்க்கும்போதே கியருக்கும், அதாவது ஓட்டும்போது அணியும் ஹெல்மெட், ஜாக்கெட் போன்ற காப்புகளுக்கும், தனியாக ஒதுக்கிவிடுங்கள். பணம் இழுபறி என்றால் முதலில் ஹெல்மெட்.

முகம் முழுக்க மூடும் வகையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன்; தாடைக்கும் காப்பு வேண்டுமே. போட்டதும் கன்னம் இரண்டும் லேசாக அமுங்க வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்து இடவலமாக ஆட்டினால் கன்னத்துத் தோலும் கூடவே நகர வேண்டும். வாரைக் கட்டிக்கொண்டு, பின்விளிம்பைப் பிடித்து முன்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்களுக்கானது இல்லை. கால் மணி நேரமாவது கழற்றாமல் கடையிலேயே இருங்கள். நெற்றியில் ஓரிடம் மட்டும் வலித்தால் வேறு வடிவம் பாருங்கள். பழைய ஹெல்மெட் யார் கொடுத்தாலும் வேண்டாம். உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரை ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது. வெளியே பார்த்தால் அது தெரியாமலும் போகலாம்.

அப்புறம் ஜாக்கெட். கண்ணாடி முன் நின்று பார்த்தால் போதாது, பைக்கில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். முழங்கைப் பேட் முழங்கையிலேயே நிற்கிறதா? பேடை உருவி எடுத்து ஈஎன் 1621 (EN 1621) என்ற எண்ணைத் தேடுங்கள்; அடியைத் தாங்கும் பேடுகளுக்கான ஐரோப்பியத் தர எண் அது. அதிலும் லெவல் 1-ஐவிட லெவல் 2 அடியை நன்றாகத் தாங்கும். முதுகில் பல ஜாக்கெட்டுகளில் வெறும் ஸ்பாஞ்சுதான் இருக்கும். அதை எடுத்துவிட்டுச் சான்று பெற்ற முதுகுக் காப்பு வையுங்கள்.

விழும்போது கை தானாக முன்னே நீளும். அதனால் கிளவுஸில் உள்ளங்கை தடிப்பாகவும் மணிக்கட்டு வார் உறுதியாகவும் இருக்கட்டும். பூட்ஸ் கணுக்காலை மூட வேண்டும். சாதாரண ஜீன்ஸை நம்பாதீர்கள், சாலையில் உரசினால் நொடியில் கிழிந்துவிடும்.